ஒரு நாளைக்கு ஆறு குப்பி

2021 மே மாதக் கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா மகள் ஒரு செய்தி போட்டாள்: "அவசரம். லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி. ஒரு நாளைக்கு ஆறு வயல் வேணும்." அடுத்த நிமிஷம் அப்பா எனக்கு போன் பண்ணினார். "ஆறு வயலா? எந்த ஊர்ல? இந்த நேரத்துல யாருடா நிலம் வாங்குறா?"

சிரிக்கிற நேரமில்லை. ஆனாலும் சிரித்துவிட்டேன். அவள் சொன்ன வயல், மருந்துக் குப்பி. அப்பாவுக்கு வயல் என்றால் நெல் விளைகிற இடம் மட்டும்தான்.

குப்பிகள் சித்தப்பாவுக்கு. 58 வயது, சொந்தமாகப் பலசரக்குக் கடை, பதினைந்து வருஷச் சுகர். கொரோனா வந்தபோது ஆக்சிஜன் தேவைப்படாமல் வீட்டிலேயே சமாளித்தார். ஆனால் இரண்டாம் நாளிலிருந்தே ஸ்டீராய்டு மாத்திரை போட்டிருக்கிறார். யாரோ ஒரு டாக்டர் யாருக்கோ எழுதிய சீட்டின் படம் போன் போனாகச் சுற்றி அவர் கைக்கு வந்திருந்தது. கொரோனா போனது. சில நாள் கழித்து இடது கன்னம் மரத்தது, கண் இமை தொங்கியது, மூக்கிலிருந்து கருப்பாக ஏதோ வந்தது. "மூக்குல கரி அப்புன மாதிரி இருக்குடா தம்பி" என்றார் சித்தி.

நான் என் தொழிலுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். ஒரு கூகுள் ஷீட் திறந்தேன். மருந்துக் கடை, போன் நம்பர், இருப்பு, கடைசியாக விசாரித்த நேரம். இந்தக் கடைசிக் கட்டம்தான் என்னைத் தோற்கடித்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பச்சை நிறத்தில் இருந்த வரிசையெல்லாம் சிவப்பாகிக்கொண்டே இருந்தது. மத்திய அரசு மாநிலங்களுக்குக் குப்பிகளைப் பங்குபோட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. தமிழ்நாடு மே 20 அன்று இந்த நோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் என்று அறிவித்திருந்தது. கணக்கு எளிது: கிலோவுக்கு 5 மில்லிகிராம், 60 கிலோ உடம்பு, 300 மில்லிகிராம், குப்பிக்கு 50. அதனால் ஆறு. அப்படிப் பல வாரங்கள்.

எல்லாம் ஓய்ந்தபிறகு சித்தப்பாவின் மருத்துவமனைக் கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். நோயைக் கண்டுபிடித்த பரிசோதனை, ஒரு துளிக் காரக் கரைசலும் ஒரு நுண்ணோக்கியும். கொடுத்த மருந்து, 1950களில் ஆற்றங்கரை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தது. ஐந்து வருஷம் பழைய லைப்ரரி என்றாலே முகம் சுளிக்கிற தொழில் என்னுடையது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் வென்டிலேட்டரும் இருக்கிற அதே கட்டடத்தில் இந்த இரண்டு மட்டும் ஏன் இவ்வளவு பழசாக இருக்கின்றன? அன்று தொடங்கிய வாசிப்புதான் இந்தக் கட்டுரை.

*

ஒரு நுண்ணுயிரிதான் ஒரு நோயை உண்டாக்குகிறது என்று முதன்முதலில் நிரூபித்தது யார் என்று கேட்டால் நாம் பாஸ்டர், கோக் என்போம். பள்ளியில் அப்படித்தான் படித்தோம். அவர்களுக்கு முன்னால் ஒருவர் இருந்தார். இத்தாலியில் லோடி நகருக்குப் பக்கத்தில் வாழ்ந்த அகோஸ்தினோ பாஸி. பட்டுப்புழுக்கள் செத்து, மேலே சுண்ணாம்பு தூவியதுபோல் வெளுத்துப்போகிற நோயைச் சுமார் 25 வருஷம் ஆராய்ந்தார். அது புழுவிலிருந்து புழுவுக்குத் தொற்றும் ஒரு உயிரால் வருகிறது என்று 1835-இல் வெளியிட்டார். அந்த உயிர் ஒரு பூஞ்சை. பாஸியின் கண் பார்வை அதற்குள் மிகவும் மங்கியிருந்தது. அந்தப் பூஞ்சைக்கு இன்று அவர் பெயர்: பிவேரியா பேசியானா. நம்ம ஊர் உரக்கடையில் கேட்டுப் பாருங்கள், உயிரியல் பூச்சிக்கொல்லி என்று பாக்கெட்டில் எடுத்துத் தருவார்கள். அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்.

பாரிஸில் டேவிட் குரூபி 1841-இலிருந்து அடுத்தடுத்த வருஷங்களில் தலைப்படை, படர்தாமரை, குழந்தைகளின் வாய்ப்புண் எல்லாவற்றிலும் பூஞ்சையைக் காட்டினார். நோயுள்ள தோலிலிருந்து எடுத்து ஆரோக்கியமான தோலில் வைத்து நோயை வரவழைத்தும் காட்டினார். கோக் காசநோய்க் கிருமியை அறிவித்ததற்கு நாற்பது வருஷம் முன்னால். குரூபி பிறகு ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஷோப்பன், ஹைனே போன்றவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டராக ஆகிவிட்டார். அது தனிக் கதை.

ஆக, பூஞ்சை பின்னால் வந்து சேர்ந்த துறை இல்லை. அதுதான் முதலில் வந்தது. பிறகு காசநோய், காலரா, டிப்தீரியா என்று பாக்டீரியாக்கள் ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருக்கும்போது படர்தாமரையை யார் கவனிப்பார்கள்? பூஞ்சை தோல் டாக்டரின் விஷயமாகச் சுருங்கிப்போனது. உடம்புக்குள் புகுந்து கொல்லும் பூஞ்சை அநேகமாகப் பிரேதப் பரிசோதனை மேசையில்தான் கண்ணில் பட்டது. சித்தப்பாவுக்கு வந்த மியூகோர்மைகோசிஸை 1885-இல் ஆர்னால்ட் பால்டாஃப் விவரித்ததும் இறந்த ஒருவரின் உடலைத் திறந்து பார்த்துத்தான். அந்த நோயில் பிழைத்தவர் என்று மருத்துவ இலக்கியம் சொல்லும் முதல் ஆள் வருவது 1955-இல்.

*

கதையை மாற்றியது பெனிசிலின். பெனிசிலினே ஒரு பூஞ்சையின் சரக்குதான். அது பாக்டீரியாவைக் கொன்றது, உலகம் கொண்டாடியது. அதற்குப் பின்னால் மேலும் மேலும் ஆண்டிபயாடிக்குகள் வந்தன. நம் வாயிலும் குடலிலும் கேண்டிடா என்ற ஈஸ்ட் எப்போதும் கொஞ்சம் இருக்கும். பக்கத்தில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அடங்கிக் கிடக்கும். ஆண்டிபயாடிக் அந்தக் கூட்டத்தைத் துடைத்துவிட்டால் ஈஸ்ட்டுக்கு மொத்தத் தெருவும் காலி. 1940களின் கடைசியில் டாக்டர்கள் இதைக் கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். நிமோனியா குணமாகிறது, வாயெல்லாம் வெள்ளை படர்கிறது. உள்ளுக்குக் கொடுக்க மருந்தில்லை.

நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வகத்தில் இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். எலிசபெத் லீ ஹேசன், நியூயார்க் நகரத்துக் கிளையில், நுண்ணுயிரியலாளர். 1885-இல் மிசிசிப்பியில் பிறந்து, சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்தவர். ரேச்சல் புல்லர் பிரவுன், சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி ஆல்பனியில், வேதியியலாளர். பாட்டியின் வசதியான தோழி ஒருவர் பணம் கட்டியதால் கல்லூரிக்குப் போனவர். சிகாகோவில் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார், வாய்மொழித் தேர்வு தள்ளிக்கொண்டே போனது, கையில் காசு தீர்ந்ததும் ஆல்பனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஏழு வருஷம் கழித்துத்தான் திரும்பிப் போய் அந்தப் பட்டத்தை வாங்கினார். 1948-இல் துறைத் தலைவர் கில்பர்ட் டால்டார்ஃப் இருவரையும் சேர்த்துவைத்தபோது ஹேசனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது.

அவர்கள் வேலை செய்த முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகள் இடத்துக்காக ஒன்றையொன்று விஷம் வைத்துக் கொல்கின்றன, அதில் பூஞ்சையைக் கொல்லும் விஷம் ஏதாவது இருக்குமா என்பதுதான் கேள்வி. ஹேசன் பல இடத்து மண்ணை வாங்கி அதிலிருந்த உயிரிகளை வளர்ப்பார். கேண்டிடாவையும் கிரிப்டோகாக்கஸையும் எதிர்ப்பது எது என்று பார்ப்பார். தேறியதை, நம் வீட்டில் ஊறுகாய் போட்டுவைக்கிற மாதிரியான கண்ணாடி ஜாடியில் அடைத்து ஆல்பனிக்குத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து வேலை செய்யும் வேதிப்பொருளைப் பிரித்து, மறுபடி தபாலில் அனுப்புவார். ஹேசன் அதைப் பூஞ்சைமேல் சோதிப்பார், பிறகு எலிக்குக் கொடுப்பார். பெரும்பாலும் பூஞ்சையும் சாகும், எலியும் சாகும். அடுத்த ஜாடி.

கடைசியில் தேறிய மண், வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களான நர்ஸ் குடும்பத்தின் பால் பண்ணையிலிருந்து வந்தது. அதிலிருந்த உயிரிக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நர்ஸியை என்று அவர்கள் பெயரையே வைத்தார்கள். மருந்துக்கு முதலில் வைத்த பெயரை வேறு யாரோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்ததால், நியூயார்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கி நிஸ்டாடின் ஆனது. 1950-இல் அறிவித்தார்கள். காப்புரிமையிலிருந்து வந்த பணம் மொத்தம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். இருவரும் அதில் ஒரு சென்ட்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் ஆராய்ச்சி நிதிக்குப் போனது. அரசுச் சம்பளத்திலேயே ஓய்வு பெற்றார்கள். 1966-இல் புளோரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கி ஓவியங்களில் பூஞ்சணம் பூத்தபோது அதைத் தடுக்கவும் நிஸ்டாடினைப் பயன்படுத்தினார்கள்.

வாய்க்கும் குடலுக்கும் தோலுக்கும் நிஸ்டாடின் அற்புதம். ரத்தத்தில் ஏற்ற முடியாது, ஆளையே கவிழ்த்துவிடும். ரத்தத்துக்குள் போகக்கூடியது சில வருஷங்களில் வந்தது. ஸ்குவிப் நிறுவன ஆய்வாளர்கள் வெனிசுவேலாவில் ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நோடோசஸ் என்ற உயிரியிலிருந்து இரண்டு பொருட்களைப் பிரித்தார்கள். ஏ, பி என்று பெயர். பி வலுவானது. அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரிவதால் ஆம்போடெரிசின். 1950களின் இறுதியில் மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. நான் 2021-இல் ஷீட் போட்டுத் தேடியது இதைத்தான்.

*

அதன்பிறகு ஏன் புதுசு வரவில்லை? வந்தது. 1990 வாக்கில் புளூகோனசோல், 2001-இல் காஸ்போபன்ஜின், 2002-இல் வோரிகோனசோல். கேண்டிடாவுக்கும் ஆஸ்பர்ஜில்லஸுக்கும் இவை பெரிய விடுதலை. ஆனால் மியூகோர் வகைப் பூஞ்சைகளை இந்த மூன்றும் அசைக்காது. அதற்கு முதல் மருந்து இன்றும் ஆம்போடெரிசின்தான்.

அடிப்படைச் சிக்கல் உறவுமுறையில் இருக்கிறது. பாக்டீரியா நமக்கு மிகத் தூரத்து உயிர். அதன் சுவர், அதன் புரதத் தொழிற்சாலை எல்லாமே வேறு, அடிக்க இடம் நிறைய. பூஞ்சையும் விலங்கும் ஒரே கோட்பேஸிலிருந்து நூறு கோடி வருஷத்துக்கு முன்னால் பிரிந்த இரண்டு கிளைகள். உள்ளே முக்கால்வாசி ஒன்றுபோலத்தான் ஓடுகிறது. ஆம்போடெரிசின் பிடித்துக்கொண்ட வித்தியாசம் மிகச் சின்னது. நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால், பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால். மருந்து எர்கோஸ்டெராலை இறுகப் பற்றுகிறது. கொலஸ்ட்ராலையும் கொஞ்சம் பற்றுகிறது. அந்தக் கொஞ்சத்துக்கு விலை கொடுப்பது சிறுநீரகம்.

சித்தப்பாவுக்கு முதல் நான்கு நாள் லைப்போசோமல் கிடைக்கவில்லை, பழைய வகையே ஏறியது. ஏறிய ஒரு மணி நேரத்தில் கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம், பிறகு காய்ச்சல். அமெரிக்க ஜூனியர் டாக்டர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் ஆம்போ-டெரிபிள் என்று பிறகு படித்தேன். பொட்டாசியம் இறங்கியது, கிரியாட்டினின் 1.1-இலிருந்து 2.4 ஆனது. இன்னொரு கொடுமை, இந்த மருந்தைச் சர்க்கரைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். சுகர் ஏறியதால் வந்த நோய்க்குச் சர்க்கரைத் தண்ணீரா என்று தங்கை நர்ஸிடம் சண்டைக்கே போயிருக்கிறாள். "உப்புத் தண்ணியில போட்டா பால் மாதிரி திரிஞ்சிரும்க்கா" என்றாராம் அந்தப் பெண். இன்சுலினைக் கூட்டிக்கொண்டார்கள்.

லைப்போசோமல் என்பது அதே மூலக்கூறைக் கொழுப்பு உருண்டைக்குள் பொதிந்து அனுப்புவது. 1980களில் உருவாகி 90களில் சந்தைக்கு வந்தது. சிறுநீரகத்துக்கு வெகுவாக இரக்கம் காட்டும். ஆனால் தயாரிப்பது கடினம், விலை அதிகம், வருஷத்துக்குச் சில ஆயிரம் பேருக்கு என்று கணக்குப் பண்ணிச் செய்வது. மே மாதத்தில் திடீரென்று நாடே கேட்டது. ஜூன் 12-இல் ஜிஎஸ்டி கவுன்சில் அதன்மேல் இருந்த 5 சதவீத வரியை எடுத்தது. வரி போன பிறகும் குப்பி கிடைக்கத் தங்கை பல இடம் அலைய வேண்டியிருந்தது.

*

பரிசோதனைக்கு வருகிறேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்குக்குள் குழாய் விட்டு ஒரு துணுக்குச் சதையை எடுத்தார். ஆய்வகத்தில் அதன்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டார்கள். காரம் மனிதச் செல்லைக் கரைத்துவிடும். பூஞ்சையின் சுவரில் கைட்டின் இருக்கிறது, இறால் ஓட்டில் இருப்பது. அது கரையாமல் நிற்கும். மிச்சத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மெல்லிய இழை, குறுக்குச் சுவர்கள், கூர்கோணத்தில் கிளை என்றால் ஆஸ்பர்ஜில்லஸாக இருக்கலாம். ரிப்பன் மாதிரி அகலமாக, குறுக்குச் சுவர் அரிதாக, கிட்டத்தட்டச் செங்கோணத்தில் கிளைத்தால் மியூகோர். பார்க்கத் தெரிந்த கண் இருந்தால் ஒரு மணி நேரத்தில் பதில். அந்தக் கண் எத்தனை ஊர்களில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ரத்தப் பரிசோதனைகள் இல்லாமல் இல்லை. அதில் ஒன்று என் தொழில்காரர்கள் ரசிக்கக்கூடியது. குதிரைலாட நண்டின் நீல ரத்தம், பாக்டீரிய நச்சு பட்டதும் உறைந்துவிடும். மருந்துகளின் தூய்மையைச் சோதிக்க அதைப் பயன்படுத்திவந்தார்கள். சில சமயம் நச்சு இல்லாமலே உறைந்து தொல்லை கொடுத்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடி, பூஞ்சைச் சுவரின் பீட்டா குளுக்கானுக்கும் அந்த ரத்தம் தனி வழியில் உறைகிறது என்று கண்டார்கள். பிழையையே பரிசோதனையாக மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் 2004-இல் அனுமதி பெற்றது. மியூகோரின் சுவரில் அந்தக் குளுக்கான் இந்தச் சோதனைக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை. ஆஸ்பர்ஜில்லஸுக்கான இன்னொரு ரத்தச் சோதனையும் இதைக் காணாது. ஆகவே மறுபடி சதைத் துணுக்கு, காரம், கண்.

பெயரிலும் ஒரு குழப்பம். கருப்பு பூஞ்சை என்று டிவி சொன்னது, நாமும் சொன்னோம். மியூகோர் கருப்பு இல்லை. ரொட்டியில் சாம்பலாகப் பூக்குமே பூஞ்சணம், அந்த ஜாதி. அதன் வித்துகள் மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருக்கின்றன, தினமும் சுவாசிக்கிறோம். உடம்பில் சர்க்கரை ஏறி, ரத்தம் அமிலப்பட்டு, ஸ்டீராய்டால் காவல் செல்கள் மந்தமானால் அது ரத்தக்குழாய்க்குள் வளர்ந்து அடைக்கிறது. ரத்தம் போகாத சதை செத்துக் கருக்கிறது. கருப்பு நம்முடையது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் வெட்டி எடுக்கிறார்கள். சித்தப்பாவின் இடது கண்ணை அதனால்தான் எடுத்தார்கள்.

இதையெல்லாம் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சண்டிகரில் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் அருணாலோக் சக்கரவர்த்தியும் சகாக்களும் 1990களின் பத்து வருஷங்களில் 129 மியூகோர் நோயாளிகளைப் பதிவுசெய்திருக்கிறார்கள். அடுத்த ஐந்தே வருஷத்தில் 178. கட்டுப்படாத சர்க்கரை நோய்தான் காரணம் என்று 2006-இல் தலைப்பிலேயே எழுதினார்கள். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, அதாவது முதல் அலையின்போதே, 16 மருத்துவமனைகளில் 287 நோயாளிகள். அதில் 187 பேர் கொரோனா வந்தவர்கள். முந்தைய வருஷத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் கட்டுரை வெளியானபோது இரண்டாம் அலையின் உச்சம் முடிந்துவிட்டது. ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் உயிர் காக்கும், மற்றவர்களுக்குப் பயனில்லை என்பது பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் 2020 ஜூனிலேயே தெரிந்த விஷயம். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 45,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், 4,200-க்கும் மேற்பட்டவர்கள் சாவு.

எனக்குத் தோன்றுவது இதுதான். இந்த நோயாளிகள் எப்போதுமே வேறொரு நோயின் நோயாளிகள். ரத்தப் புற்றுக்காரர், சிறுநீரகம் மாற்றியவர், எய்ட்ஸ் வந்தவர், சுகர்க்காரர். பூஞ்சை பின்கதவால் வருகிறது. வீட்டுக்காரர்கள் எல்லாரும் முன்கதவில் நிற்கிறார்கள். அதனால் இந்தத் துறைக்குப் பணமும் ஆளும் கடைசியில்தான் வந்துசேர்கிறது. 2023-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பர்க் குழுவினர் ஆம்போடெரிசினைத் திருத்தி, எர்கோஸ்டெராலைப் பிடித்துக் கொலஸ்ட்ராலை விட்டுவிடும் ஒரு மூலக்கூறைச் செய்து, எலிகளின் சிறுநீரகம் பாதிக்கப்படவில்லை என்று காட்டினார்கள். பழைய மருந்து வந்து அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

*

சித்தப்பா இப்போது கடையில் இருக்கிறார். இடது பக்கம் கறுப்புக் கண்ணாடி. ஊசி முடிந்து பல மாதம் போசகோனசோல் மாத்திரை சாப்பிட்டார். கிரியாட்டினின் 1.5-இல் நின்றுவிட்டது. சில்லறையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து எண்ணுகிறார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது ஜாடி, தபால், பால் பண்ணை எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பண்ணைக்காரங்களுக்கு ஏதாச்சும் குடுத்தாங்களாடா?"

"பேரை வச்சாங்க சித்தப்பா. அந்தக் கிருமிக்கு அவங்க பேருதான்."

"நல்ல கணக்குதான். எனக்கு ஏத்துன மருந்து அந்த ஆத்தங்கரை மண்ணுன்னியே, அங்க உள்ளவங்களுக்கு?"

"அதுக்கு நோடோசஸ்னு பேரு. முடிச்சுமுடிச்சா இருக்கிறதுன்னு அர்த்தம்."

"அப்ப பேருகூட இல்ல" என்றபடி பொட்டலத்தைக் கட்டி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ரொட்டி ஒண்ணு இருக்கு, தேதி முடிஞ்சிருச்சான்னு பாரு. எனக்கு அந்த எழுத்து தெரிய மாட்டேங்குது."